நர்ஸம்மா மலையில் தங்குவாரா?

ஆரணி என்றதும் நமக்குப் பட்டுச் சேலை நினைவுக்கு வரும். தெருவில் நடந்தால் தறிச் சத்தம் கேட்கும். ஜரிகை போட்ட சேலைகள் இங்கிருந்து எத்தனையோ ஊர்களுக்குப் போகின்றன. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

ஊரை ஒட்டி ஓடுகிறது கமண்டல நாகநதி. மழைக்காலத்தில் தண்ணீர் வரும். மற்றக் காலத்தில் மணல்தான். அந்த ஆறு எங்கே பிறக்கிறது? மேற்கே உள்ள ஜவ்வாது மலையில் பிறக்கிறது.

ஆறு மலையிலிருந்து கீழே இறங்கி வருகிறது. அதற்கு யாரும் உத்தரவு போடத் தேவையில்லை. ஆனால் கீழே இருந்து மலைக்கு ஏற வேண்டியவை சில உண்டு. மருந்து ஏற வேண்டும். தடுப்பூசி ஏற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நர்ஸ் ஏற வேண்டும்.

ஏறினால் மட்டும் போதுமா? அங்கே தங்க வேண்டும். இன்றைய பிரச்சினையே இந்தத் தங்குவதில்தான் இருக்கிறது.

இது ஆரணிக்கும் ஜவ்வாது மலைக்கும் மட்டும் உள்ள பிரச்சினை அல்ல. வடதுருவத்தை ஒட்டிய கனடா நாட்டிலும் இதே பேச்சுத்தான். எப்படி என்று பார்ப்போம்.

தறியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு

நெசவாளர் குடும்பத்தில் முன்பெல்லாம் வீட்டிலுள்ள எல்லோருக்கும் தறியில் வேலை இருந்தது. தகப்பனார் நெய்வார். தாயார் நூல் சுற்றுவார். பிள்ளைகள் கூட இருந்து உதவுவார்கள்.

இன்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், கல்லூரிக்கும் போகிறார்கள். தறியில் வரும் கூலி போதவில்லை என்பதால், வேறு வேலை தேடிக்கொள்ளச் சொல்லும் பெற்றோர் அதிகம்.

பெண் பிள்ளைக்கு என்ன படிப்பு? நர்ஸ் படிப்பு என்று பல வீடுகளில் முடிவு செய்கிறார்கள். காரணம் எளிது. படித்தால் வேலை கிடைக்கும், மரியாதை உண்டு, வெளிநாடு போகவும் வழி இருக்கிறது.

இந்த வட்டாரத்துக்கு நர்ஸ் படிப்பு புதிதல்ல. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-ஆம் ஆண்டிலேயே நர்ஸுகளுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். மருத்துவப் பள்ளி அதற்கு ஒன்பது ஆண்டு கழித்து, 1918-ல்தான் வந்தது. முதலில் நர்ஸ், பிறகுதான் டாக்டர்! ஊருக்கு எது முதல் தேவை என்று அந்த அம்மையாருக்குத் தெரிந்திருந்தது.

நர்ஸ் படிப்பில் மூன்று வகை உண்டு. இரண்டு ஆண்டு படித்துக் கிராம சுகாதார நர்ஸ் ஆகலாம். மூன்று ஆண்டு டிப்ளமா படிக்கலாம். நான்கு ஆண்டு பட்டப் படிப்பும் இருக்கிறது.

படித்து முடித்த பெண்ணுக்கு வேலை உத்தரவு வருகிறது. ஆரணி அரசு ஆஸ்பத்திரியில் என்றால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மலையில் என்றால்?

"தனியாகப் போகவேண்டுமா?" என்று தாயார் கேட்கிறார். "எத்தனை வருஷம்?" என்று தகப்பனார் கேட்கிறார். "கல்யாணம் ஆனால் என்ன செய்வது?" என்று பாட்டி கேட்கிறார்.

மூன்று கேள்வியும் நியாயமான கேள்விதான். இவற்றுக்குப் பதில் சொல்லாமல், "இன்றைய பெண்களுக்குச் சேவை மனப்பான்மை இல்லை" என்று பேசுவது சரியல்ல.

மலை எப்படி இருக்கிறது?

போளூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் மலைப்பாதையில் போனால் ஜமுனாமரத்தூர். ஜவ்வாது மலையின் முக்கியமான ஊர் அது. திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. மலையின் மற்றப் பகுதிகள் வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் அடங்கியவை.

மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் 'மலையாளி' என்ற பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று நினைத்துவிடக் கூடாது. மலையை ஆள்பவர் என்பதால் மலையாளி. பேசுவது தமிழ்தான். சாமை, தினை பயிரிடுகிறார்கள். தேன், புளி, கடுக்காய், பலா எல்லாம் மலைச் சரக்கு.

வீடுகள் ஒரே இடத்தில் இல்லை. இங்கே பத்து வீடு, அங்கே இருபது வீடு என்று சிதறிக் கிடக்கின்றன. நடுவில் காடு, பள்ளம், ஓடை.

இதே மலையில் காவலூரில் ஒரு வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பல கோடி கோடி மைலுக்கு அப்பால் உள்ள நட்சத்திரத்தையும் அது கிட்டத்தில் கொண்டு வந்து காட்டுகிறது.

ஆனால் அதே மலைத் தொடரில் நடந்த இன்னொரு சம்பவத்தையும் நாம் மறக்கக் கூடாது.

வேலூர் மாவட்டம் அணைக்கட்டுக்கு அருகே உள்ளது அல்லேரி மலை. 2023-ஆம் ஆண்டு மே மாதம் அங்கே ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்துவிட்டது. சரியான சாலை இல்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. அதற்கு மேல் போகப் பாதை இல்லை. பெற்ற தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு மலையில் நடந்தார். ஏறத்தாழ 10 கிலோமீட்டர்!

நாடே அந்தச் செய்தியைப் படித்துக் கலங்கியது. நட்சத்திரம் கிட்டத்தில் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி தூரத்திலேயே நின்றுவிட்டது.

நர்ஸுக்கு அங்கே என்ன வேலை?

அரசாங்கக் கணக்குப்படி சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். மலையில் 3,000 பேருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையம் சமவெளியில் 30,000 பேருக்கு. மலையில் 20,000 பேருக்கு.

மலையில் 3,000 பேர்தானே, வேலை குறைவு என்று நினைக்கலாம். அப்படி அல்ல. ஆரணியில் 3,000 பேர் சில தெருக்களுக்குள் இருப்பார்கள். மலையில் 3,000 பேரைப் பார்க்கப் பல குன்றுகளைச் சுற்ற வேண்டும்.

கர்ப்பிணிகளைப் பதிவு செய்து 'பிக்மி' எண் வாங்கிக் கொடுப்பது நர்ஸின் வேலை. இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். இரத்த சோகை இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்க வேண்டும். கொடுத்தால் போதாது, அதைச் சாப்பிட வைக்க வேண்டும். புதன்கிழமை தடுப்பூசி நாள். தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருந்தால்தான் வேலை செய்யும். ஐஸ் கட்டி வைத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையில் நடக்க வேண்டும்.

நடு இரவில் பிரசவ வலி என்று ஆள் வரும். டாக்டர் பக்கத்தில் இல்லாத நேரமாகவும் இருக்கும். அப்போது முடிவு எடுக்க வேண்டியவர் நர்ஸ்தான். இங்கேயே பிரசவம் பார்க்கலாமா? கீழே அனுப்ப வேண்டுமா? அனுப்பினால் வழியில் ஏதாவது ஆகுமா?

பிரசவத்துக்குப் பிறகு இரத்தப்போக்கு நிற்காவிட்டால், இரண்டு மணி நேரத்திற்குள் தாயின் உயிர் போய்விடக்கூடும். பட்டணத்தில் இரண்டு மணி நேரம் என்பது நீண்ட நேரம். மலையில் வண்டி வந்து சேரவே அவ்வளவு நேரம் ஆகலாம். அதனால்தான் மலையில் இருக்கும் நர்ஸ், பட்டணத்து நர்ஸைவிடச் சீக்கிரம் ஆபத்தை உணர வேண்டும். அதற்குப் படிப்பு மட்டும் போதாது. பழக்கம் வேண்டும்.

தமிழ்நாடு இந்தத் துறையில் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். 2018-20 ஆண்டுக் கணக்கில், ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறந்தால் இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் அது 54. 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பரில் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் பிரசவம் பார்க்க நர்ஸுகள் முறை வைத்து நியமிக்கப்பட்டார்கள். மலைப் பகுதிகளில், நாள் நெருங்கிய கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்குவதற்குக் காத்திருப்பு அறைகளும் அமைக்கப்பட்டன.

ஆனால் மாநிலத்துக் கணக்கு வேறு. மலைக் கணக்கு வேறு. சராசரி என்பது பள்ளத்தையும் மேட்டையும் சமமாக்கிக் காட்டிவிடும். மலையில் ஒரு தாய் இறந்தாலும் அந்த வீட்டுக்கு அது ஒன்றில் ஒன்று.

முதல் ஆறு மாதம்

மலைக்குப் புதிதாகப் போன நர்ஸுக்கு முதல் கஷ்டம் வீடு. சுகாதார நிலையத்தோடு குடியிருப்பு இருந்தால் நல்லது. அது ஒழுகாமல் இருக்க வேண்டும். தண்ணீர் வர வேண்டும். கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் வேண்டும். தனியாக இருக்கும் பெண்ணுக்குத் தாழ்ப்பாள் சின்ன விஷயம் அல்ல.

இரண்டாவது கஷ்டம் தனிமை. மாலை ஆறு மணிக்கு மேல் பஸ் இல்லை. மழை பெய்தால் மின்சாரம் போகும். செல்போன் இருக்கும், சிக்னல் இருக்காது.

மூன்றாவது கஷ்டம்தான் பெரியது. அது நம்பிக்கை.

புதிதாக வந்த பெண் சொல்வதை ஊர் உடனே கேட்டுவிடாது. "எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். நீயும் போகப் போகிறவள்தானே?" என்பது அவர்கள் மனசில் இருக்கும். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

நர்ஸ் சொல்கிறார்: "அம்மா, இந்தத் தடவை பிரசவத்துக்குக் கீழே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்."

கர்ப்பிணி தலையாட்டுகிறார். ஆனால் போவதில்லை. ஏன்? ஆட்டை யார் பார்ப்பது? மூத்த பிள்ளைக்கு யார் சோறு போடுவது? கூட வரும் கணவனுக்கு அன்றைய கூலி போய்விடுமே! மாமியார் என்ன சொல்வார்?

இவ்வளவும் அந்தத் தலையாட்டலுக்குள் இருக்கிறது. புதிய நர்ஸுக்கு அது தெரியாது. "இந்த ஜனங்களுக்குச் சொன்னால் புரியாது" என்று நினைத்துவிடுவார். ஆறு மாதம் இருந்த நர்ஸுக்குத் தெரியும். அவர் கர்ப்பிணியிடம் பேசுவதோடு நிற்க மாட்டார். நேரே மாமியாரிடம் போய், "அத்தை, நீங்கள் சொன்னால்தான் நடக்கும்" என்பார். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஆட்டை ஒப்படைக்க ஏற்பாடு செய்வார். காரியம் முடிந்துவிடும்.

ஆரணிக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். தறியில் பழைய பாவு தீர்ந்தால் புதிய பாவை எப்படிச் சேர்க்கிறோம்? பழைய இழையின் நுனியோடு புதிய இழையை ஒவ்வொன்றாக முடிகிறோம். ஆயிரக்கணக்கான இழை. அவசரப்பட்டால் அறுந்துவிடும். ஊரோடு நர்ஸ் சேருவதும் அப்படித்தான். ஒவ்வொரு வீடாக முடிச்சுப் போட வேண்டும்.

எல்லா முடிச்சும் விழுந்து நெசவு தொடங்கும் நேரத்தில் இடமாற்ற உத்தரவு வந்தால்? வேறொரு பெண் வந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். இழப்பு யாருக்கு? ஊருக்குத்தான்.

சம்பளக் கதை

"அரசாங்க வேலைதானே, சம்பளம் கிடைக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். எல்லோருக்கும் நிரந்தர வேலை இல்லை என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் 2015-ஆம் ஆண்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கான நர்ஸுகளைத் தேர்ந்தெடுத்தது. வேலை ஒப்பந்த முறையில். தொடக்கத்தில் மாதச் சம்பளம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டு கழிந்தால் நிரந்தரம் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். ஆகவில்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் கூடிப் போராடினார்கள். பிறகு சம்பளம் உயர்ந்தது. ஆனாலும் நிரந்தரம் என்ற பிரச்சினை தீரவில்லை.

கொரோனா காலத்தில் மேலும் பல நர்ஸுகள் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 2,000-க்கும் மேற்பட்டோருக்கு 2022 டிசம்பர் 31-உடன் வேலை முடிந்துவிட்டது என்று அறிவிப்பு வந்தது. நோய்க் காலத்தில் கை தட்டினோம். நோய் தணிந்ததும் கை விட்டோம் என்று அவர்கள் வருந்தினார்கள்.

ஒரு பெண் 7,700 ரூபாயில் மலையில் வாடகை கொடுத்து, சாப்பிட்டு, வீட்டுக்கும் பணம் அனுப்ப முடியுமா? அதே படிப்புக்கு வெளிநாட்டில் பல மடங்கு சம்பளம் கிடைக்கும்போது அவள் மனம் எங்கே போகும்? நெய்கிறவரின் மகள் கணக்குத் தெரியாதவள் அல்ல.

பனி நாட்டில் என்ன நடக்கிறது?

வெளிநாடு என்றோமே, அங்கே மட்டும் எல்லாம் சுகமா? கனடாவின் வடகோடியைப் பார்ப்போம்.

கனடாவில் நுனாவுட் என்று ஒரு பிரதேசம். 1999-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தனிப் பிரதேசமானது. இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் இடம். 25 ஊர்கள். ஆச்சரியம் என்னவென்றால், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலையே கிடையாது. விமானத்தில்தான் போக வேண்டும். 2021 கணக்கில் மொத்த ஜனத்தொகை 37,000-க்குள். நம் பக்கத்தில் ஒரு நடுத்தர ஊரின் ஜனத்தொகைதான்!

குளிர்காலத்தில் சூரியன் சில மணி நேரமே தலைகாட்டும். வடகோடி ஊர்களில் பல வாரம் சூரியனே வராது.

பெரும்பாலான ஊர்களில் நிரந்தர டாக்டர் இல்லை. ஒரு சுகாதார நிலையமும் சில நர்ஸுகளும் இருப்பார்கள். டாக்டர் அவ்வப்போது விமானத்தில் வந்து போவார். மற்ற நேரத்தில் நர்ஸ் தொலைபேசியில் டாக்டரைக் கேட்டுக் கேட்டு வைத்தியம் பார்க்க வேண்டும். புயல் அடித்தால் விமானம் வராது.

அங்கே சம்பளம் அதிகம். வீடும் கொடுக்கிறார்கள். அப்படியும் நர்ஸுகள் நிலைத்து இருப்பதில்லை. பலர் சில வாரம், சில மாதம் என்று ஒப்பந்தத்தில் வந்து போகிறார்கள். ஒரு வேடிக்கை பாருங்கள். இனுயிட் மக்கள் 'ஆமாம்' என்பதற்குப் புருவத்தை உயர்த்துவார்கள். 'இல்லை' என்பதற்கு மூக்கைச் சுருக்குவார்கள். இது தெரியாத புதிய நர்ஸ், "கேட்டால் இவர்கள் பதிலே சொல்வதில்லை" என்று நினைத்துக்கொள்வார். பதில் அவர் கண்முன்னே முகத்தில் இருக்கும்!

ஜவ்வாது மலையின் தலையாட்டலும், பனி நாட்டின் புருவமும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. இருந்து பழகாதவருக்கு எதுவும் புரியாது.

அங்கே இன்னொரு வருத்தமும் உண்டு. பிரசவத்துக்குச் சில வாரம் முன்பே கர்ப்பிணிகளை விமானத்தில் ஏற்றித் தூரத்து நகரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். உயிருக்குப் பாதுகாப்புத்தான். ஆனால் தாய் தனியே, தெரியாத ஊரில், தெரியாத பாஷைக்கு நடுவே இருக்க வேண்டும். வீட்டில் மற்றப் பிள்ளைகள் அழும்.

பக்கத்து கியூபெக் மாகாணத்தின் வடபகுதியில் புவிர்னிட்டுக் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பெண்கள், "எங்கள் பிள்ளைகள் எங்கள் ஊரிலேயே பிறக்க வேண்டும்" என்றார்கள். 1986-ஆம் ஆண்டில் அங்கே பிரசவ நிலையம் தொடங்கியது. வெளியூரிலிருந்து வந்த மருத்துவச்சிகள் அங்கேயே இருந்து, உள்ளூர் இனுயிட் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு அந்தப் பெண்களே பிரசவம் பார்க்கத் தொடங்கினார்கள். ஆபத்தான பிரசவம் என்று முன்கூட்டியே தெரிந்தால் மட்டும் வெளியே அனுப்பினார்கள். மற்றவை ஊரிலேயே நடந்தன.

ஸ்காட்லாந்து செய்த காரியம்

நூறு ஆண்டுக்கு முன்பே ஒரு நாடு இந்த விஷயத்தை யோசித்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் வடபகுதியில் மலைகளும் தீவுகளும் அதிகம். ஏழை விவசாயிகளும் மீனவர்களும் வாழ்ந்த இடம். வைத்தியம் கிடைக்கவில்லை. 1912-ல் அரசாங்கம் ஒரு குழுவை அனுப்பி விசாரித்தது. அடுத்த ஆண்டே தனி மருத்துவச் சேவை ஏற்படுத்தப்பட்டது.

அவர்கள் என்ன செய்தார்கள்? சேவை மனப்பான்மை பற்றி உபதேசம் செய்யவில்லை. டாக்டருக்குக் குறைந்தபட்ச வருமானத்துக்கு உறுதி கொடுத்தார்கள். நர்ஸுகளை நியமித்தார்கள். குடியிருக்க வீடு, போய்வரச் செலவு, தொலைபேசி ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்கினார்கள். 1933-ல் தீவுகளிலிருந்து நோயாளிகளைக் கொண்டுவர விமான ஆம்புலன்ஸும் வந்தது.

ஆள் தங்க வேண்டுமானால் முதலில் அடுப்பு எரிய வேண்டும் என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

நம் நாட்டிலேயே வழி உண்டு

வெளிநாட்டுக் கதை போதும். நம் பக்கத்திலேயே நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

தருமபுரி மாவட்டத்தில் சிட்டிலிங்கி என்ற பள்ளத்தாக்கு. கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு நடுவே உள்ளது. அங்கும் மலையாளிப் பழங்குடியினர்தான். 1993 வாக்கில் டாக்டர் ரெஜி, அவர் மனைவி டாக்டர் லலிதா இருவரும் அங்கே போய் ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். அப்போது அந்தப் பகுதியில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 150 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன.

டாக்டர் தம்பதி இருவர். பள்ளத்தாக்கோ பெரியது. வெளியூர் நர்ஸுகளை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே தேர்ந்தெடுத்தார்கள். இரத்த அழுத்தம் பார்க்க, ஊசி போட, பிரசவம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் மூத்த பெண் ஒருவரைச் சுகாதாரத் துணையாளர் ஆக்கினார்கள். அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். குழந்தைச் சாவு பல மடங்கு குறைந்தது. குடிசை ஆஸ்பத்திரி ஆயிற்று.

நீலகிரி மாவட்டம் கூடலூரிலும் ஆதிவாசிகளுக்கான ஆஸ்பத்திரியில் ஆதிவாசிப் பெண்களே பயிற்சி பெற்று நர்ஸுகளாக வேலை செய்கிறார்கள். கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலையில் டாக்டர் சுதர்சன் தொடங்கிய சேவையிலும் பழங்குடிப் பெண்களுக்கு நர்ஸ் பயிற்சி கொடுத்தார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2010-ஆம் ஆண்டில் இதைப் பற்றி ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. கிராமத்தில் பிறந்த மாணவர்களைச் சேர்த்துக்கொள். பயிற்சிப் பள்ளியைப் பெரிய நகரத்துக்கு வெளியே வை. வீடும் பாதுகாப்பும் கொடு. பதவி உயர்வுக்கு வழி செய் என்பவை அதில் உள்ள யோசனைகள். 2021-ல் மறுபடியும் அதைப் புதுப்பித்து வெளியிட்டார்கள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இந்தக் கருத்து இருக்கிறது. அந்தந்த ஊர்ச் சுயஉதவிக் குழுப் பெண்களே வீடு தேடிப் போய் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை கொடுக்கிறார்கள்.

மறுபக்கமும் உண்டு

அப்படியானால் மலைப் பெண்ணையே நர்ஸ் ஆக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? அவ்வளவு எளிதல்ல.

நர்ஸ் பயிற்சிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு தேற வேண்டும். மலையில் எத்தனை பெண்கள் அதுவரை படிக்க முடிகிறது? பள்ளிக்கூடமும் விடுதியும் முதலில் சரியாக வேண்டும். ஆகையால் நர்ஸ் பிரச்சினை பள்ளிக்கூடப் பிரச்சினையும் ஆகும்.

படித்து முடித்த மலைப் பெண்ணுக்கும் ஆசை இருக்காதா? அவளும் வேலூரில், சென்னையில் வேலை பார்க்க விரும்பலாம். "நீ மலையில் பிறந்தாய், மலையிலேயே கிட" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

சொந்த ஊரில் வேலை பார்ப்பதிலும் சங்கடம் உண்டு. நோயாளிகள் எல்லோரும் உறவினர்கள். சித்தி ஒருத்தியின் இரகசியம் அத்தைக்குத் தெரியக் கூடாது. இரவு எந்த நேரமும் கதவைத் தட்டுவார்கள். ஓய்வு என்பதே இராது.

வெளியூரிலிருந்து வரும் நர்ஸுக்கும் ஒரு பெருமை உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில் பழகிய கை அது. ஆபத்தான பிரசவங்கள் பலவற்றைப் பார்த்திருப்பார். அந்தப் பழக்கமும் மலைக்குத் தேவை. உள்ளூர்ப் பெண்ணும் வெளியூர் நர்ஸும் சேர்ந்து வேலை செய்வதுதான் நல்ல ஏற்பாடு. புவிர்னிட்டுக்கில் நடந்தது அதுதான். சிட்டிலிங்கியில் நடந்ததும் அதுதான்.

என்ன செய்யலாம்?

ஆரணி வீட்டில் மூன்று பேர் மூன்று கேள்வி கேட்டார்கள் அல்லவா? அவற்றுக்குப் பதில் கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

"தனியாகப் போகவேண்டுமா?" என்ற தாயாரின் கேள்விக்கு: ஒரு நர்ஸைத் தனியே அனுப்பாமல் இரண்டு பேராக அனுப்பலாம். ஒழுகாத வீடு, விளக்கு, தாழ்ப்பாள், தண்ணீர் இவை தயாரான பிறகு உத்தரவு கொடுக்கலாம். மலைப்பகுதிகளில் வேலை செய்யும் ஆஷா பணியாளரை முதல் நாளிலிருந்தே துணைக்கு வைக்கலாம்.

"எத்தனை வருஷம்?" என்ற தகப்பனாரின் கேள்விக்கு: மூன்று ஆண்டு என்றால் மூன்று ஆண்டு. அதற்கு முன் மாற்றுவதும் இல்லை. அதற்குப் பின் கேட்ட இடம் தருவதில் தாமதமும் இல்லை. இப்படி எழுத்தில் உறுதி கொடுத்தால் பெண்கள் துணிந்து போவார்கள். மலை வேலை தண்டனை என்ற எண்ணம் போய்விடும். மலையில் இருந்த காலம் பதவி உயர்வுக்கும் மேல் படிப்புக்கும் உதவ வேண்டும். ஒப்பந்தம் என்ற கயிற்றில் தொங்கவிட்டுச் சேவையை எதிர்பார்க்கக் கூடாது.

"கல்யாணம் ஆனால்?" என்ற பாட்டியின் கேள்விக்கு: கணவனும் அரசு ஊழியர் என்றால் பக்கத்திலேயே வேலை கொடுக்கலாம். குழந்தை பிறந்தால் பார்த்துக்கொள்ள அங்கன்வாடி வேண்டும். மற்றவர் குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிறவரின் குழந்தை கீழே பாட்டி வீட்டில் அழுதுகொண்டிருப்பது நியாயமா?

இத்தனையும் செய்தாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அது சாலை. ஆம்புலன்ஸ் போகாத ஊரில், உலகத்திலேயே சிறந்த நர்ஸ் இருந்தாலும் கை கட்டப்பட்டவர்தான். அல்லேரி மலைத் தாய் நடந்த வழியை நினைத்தால் இது விளங்கும்.

செலவு ஆகும் என்று கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. செலவு ஆகத்தான் செய்யும். நர்ஸ் மாறிக்கொண்டே இருந்தாலும் செலவுதான். வராமற்போன தடுப்பூசி, கவனிக்காமல் விட்ட இரத்த சோகை, தாமதமாகக் கீழே இறங்கிய பிரசவம் என்று அந்தச் செலவு வேறு பெயரில் வரும். அதை யார் கொடுக்கிறார்கள்? மலையில் உள்ள ஏழைத் தாய் கொடுக்கிறார்.

ஆரணியிலோ போளூரிலோ உங்கள் வீட்டுப் பெண் நர்ஸ் படித்துக்கொண்டிருக்கலாம். நாளைக்கே அவளுக்கு மலையிலிருந்து உத்தரவு வரலாம். போகாதே என்று தடுக்க வேண்டாம். போய்விடு என்று தள்ளவும் வேண்டாம். வீடு இருக்கிறதா, துணை இருக்கிறதா, எத்தனை வருஷம் என்று கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால் கொடுக்க வேண்டியவர்கள் கொடுப்பார்கள்.

மலையில் இருக்கும் தாய் இவ்வளவெல்லாம் கேட்கவில்லை. அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: போன பிரசவத்துக்குப் பார்த்த அதே நர்ஸம்மா, அடுத்த பிரசவத்துக்கும் இருப்பாரா?